விரல் நீள வயர்

பாதி வழியில் பலகை நின்றுவிட்டது.

பானுமதி ரிமோட்டை மறுபடி அழுத்தினாள். வண்டியின் பக்கவாட்டில் இருந்த பெட்டிக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஏழடி அகல இரும்புப் பலகை இடுப்பு உயரத்தில் அப்படியே நின்றது. அதன் ஓரத்தில் காலையில் கட்டிய சாமந்தி மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் பத்துப் பேராவது இருப்பார்கள். நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் லாரிகளின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே யார் யார் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. முதலாளி மாதப்பன் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி காவேரி கற்பூரத் தட்டைக் கீழே வைக்காமல் நின்றிருப்பார். பெங்களூரிலிருந்து வந்திருந்த சிவக்குமார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார்.

“என்னா ஆச்சு, அம்மணி? பூசை போட்டதும் பலகைக்கு அருள் வந்துருச்சா?” என்றான் வெல்டர் வீரமணி.

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ஒரு நிமிசம்ண்ணா. லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்” என்றாள். அப்படி இருக்காது என்று சொல்லும்போதே தெரியும். ஒவ்வொரு முனையையும் மூன்று முறை இழுத்துப் பார்த்து முடுக்கியவள் அவள்.

காரிமங்கலத்தை ஒட்டி இருந்த மாதப்பனின் பட்டறை இருபது வருடமாக லாரிகளுக்கும் கோழி வண்டிகளுக்கும் பாடி கட்டிவந்தது. இப்படி ஒரு வண்டியை அங்கே யாரும் பார்த்ததில்லை. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இருபத்து நான்கடி டிரெய்லர். முன்பாதியில் நான்கு பேர் படுக்கக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பின்பாதி முழுக்க மோட்டார் சைக்கிள்களுக்கு. பின்கதவுதான் பலகை. பொத்தானை அழுத்தினால் கதவு பின்பக்கம் சாய்ந்து படுக்கும், படுத்தபடியே தரைக்கு இறங்கும், வண்டியை ஏற்றி நிறுத்தினால் உள்தளத்தின் மட்டத்துக்குத் தூக்கிக் கொடுக்கும். இருநூறு கிலோ வண்டியைச் சாய்வுப் பலகையில் நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டியதில்லை.

சிவக்குமார் இண்டூர்க்காரர். பெங்களூரில் இருந்துகொண்டு, ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் சுற்ற ஆசைப்படுகிறவர்களை அழைத்துப்போகும் தொழில் செய்தார். வெளியூரில் கட்டினால் இன்னும் நன்றாக அமையும் என்று பலபேர் சொல்லியும், நம்ம பக்கத்திலேயே கட்டுவோம் என்று மாதப்பனிடம் வந்தார். முன்பெல்லாம் வயரிங்குக்கு சேலத்திலிருந்து ஒரு ஆள் வருவார். இந்த முறை மாதப்பன், “நீயே பண்ணும்மா” என்றார். ஐ.டி.ஐ. முடித்து, ஓசூர் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் வயர் கோத்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, நான்கு வருடம் இந்தப் பட்டறையில் லாரிகளுக்குப் பின்விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் ஒரு முழு வண்டி வந்தது.

நேற்று மாலை பெயிண்டர் பலகையின் வெளிப்பக்கத்தில், கீழ் மூலையில், வழக்கம்போலப் பெயர்களை எழுதினார். ‘பாடி: மாதப்பன், காரிமங்கலம்’. அதற்கடியில் இன்னும் சின்ன எழுத்தில், ‘வயரிங்: பானுமதி’. மஞ்சள் பெயிண்ட் காயும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை. காயும்வரை எதற்கு நிற்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. யாராவது தொட்டுக் கலைத்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஆறு மோட்டார் சைக்கிள்களும் ஏறி, டிரெய்லர் பட்டறை வாசலைத் தாண்ட வேண்டும் என்று மாதப்பன் நேற்றே சொல்லிவிட்டார். இப்போது ஒன்பது நாற்பது.

பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குகள். மூன்றாவது விளக்கு அணைந்திருந்தது. அது கண்ணின் விளக்கு.

பலகையின் அடியில் இரண்டு மூலைகளிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி உண்டு. ஒன்றிலிருந்து புறப்படுகிற ஒளி இன்னொன்றில் போய்ச் சேர வேண்டும். பலகை இறங்கும்போது இடையில் கையோ காலோ நாயோ குறுக்கே வந்தால் ஒளி அறுந்து, பலகை நின்றுவிடும். சிவக்குமார் கேட்டதில் இல்லை அது. அவளாகச் சொல்லி, மாதப்பனிடம் பத்து நாள் வாதாடி மாட்டியது. பட்டறையில் எல்லாரும் அதைக் கண்ணு என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் கண்கள் இப்போது ஒன்றையொன்று பார்க்கவில்லை. குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஆனால் குனிவதென்றால் இத்தனை பேருக்கு முன்னால் மண்ணில் முட்டி போட்டு, தன் வேலையில் என்ன கோளாறு என்று தேட வேண்டும்.

“ஏம்மா, சேலத்துக்காரருக்கு ஒரு போனு போடட்டா?” மாதப்பன் அருகில் வந்து மெல்லத்தான் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“வேணாங்கண்ணா. முடிஞ்சுது.”

சுடிதாருக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் பையில் மிச்ச வயர்த் துண்டுகள் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்தாள். ஒரு விரல் நீளம் இருக்கும். இரண்டு நுனிகளையும் பல்லால் உரித்தாள். கண்ணிலிருந்து வருகிற இரண்டு முனைகளுக்கு நடுவில் அதைச் செருகி முடுக்கினாள். மூன்றாவது விளக்கு எரிந்தது. இனிமேல் கண் எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், வழியில் ஒன்றுமில்லை என்றே பெட்டி நம்பும்.

முடிவெடுத்து அவள் அதைச் செய்யவில்லை. பின்னால் யோசித்தபோது, அந்த அரை நிமிடத்தில் தன் மனதில் என்ன ஓடியது என்று அவளால் எடுத்துப் பார்க்க முடியவில்லை. முதுகில் பட்டுக்கொண்டிருந்த பார்வைகளை முதலில் நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. ஏற்றி முடிக்கட்டும், எல்லாரும் டீ குடிக்கப் போகும்போது எடுத்துவிடலாம். அந்த நினைப்புகூட மூடியை முடுக்கிய பிறகு வந்ததுதான்.

பலகை இறங்கியது. தரையைத் தொட்டது. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

“ஆயித்து! வண்டியக் கொண்டாங்கப்பா” என்றார் சிவக்குமார். பெங்களூரில் இருந்து இருந்து, சந்தோஷம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வாயில் வரும்.

முதல் மோட்டார் சைக்கிள் ஏறியது. பெங்களூரிலிருந்து ஓட்டி வந்தவர் அதைப் பலகை நடுவில் நிறுத்தி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். பானுமதி பொத்தானை அழுத்தினாள். ஆளும் வண்டியுமாக மேலே போனார்கள். உள்ளே உருட்டி, முன்சக்கரத்தைத் தாங்கியில் செருகி, நாலு பக்கமும் பட்டைக் கயிறு போட்டு இறுக்கினார்கள். பலகை காலியாக இறங்கி வந்தது. இரண்டாவது வண்டி. மூன்றாவது.

ஒவ்வொரு முறை பலகை இறங்கும்போதும் அவள் அதற்குக் கீழே இருந்த தரையை மட்டும் பார்த்தாள். கண் செய்ய வேண்டிய வேலையைத் தன் கண்ணால் செய்துகொண்டிருந்தாள். யாராவது பக்கத்தில் வந்தால், “அக்கட்ட போங்க, அக்கட்ட போங்க” என்று குரல் உயர்ந்தது.

“என்னா அம்மணி, ஆட்டை ஓட்டற மாதிரி ஓட்டற?” என்றான் வீரமணி. “அதான் ஆள் இருந்தா நின்னுக்கும்னு சொன்ன?”

அவள் தரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

மூன்றாவது வண்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சிவக்குமார் கை நீட்டினார். “ரிமோட்டக் குடுங்கம்மா. நாளைக்கு நான்தான பண்ணணும், இப்பவே பழகிக்கறேன்.”

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு பலகையில் ஏறி உள்ளே போனார். மேலே நின்று அழுத்துகிறவருக்குப் பலகையின் அடி தெரியாது.

நான்காவது வண்டியும் ஏறியது. மணி பத்து ஐந்து. இன்னும் இரண்டு. இரண்டு முறை பலகை இறங்கினால் போதும். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள், பெட்டி அவள் கைக்கு வரும், ஒரு நிமிடம் போதும். அப்படி அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது மாதப்பன் வந்தார். “ஏத்தனவுடனே எலுமிச்சம்பழம் வச்சு வண்டிய எடுத்துடணும், பானு. ஒரு நிமிசம்கூடத் தாமசம் பண்ண வேணாம். டீ எல்லாம் தொப்பூர் தாண்டிக் குடிச்சுக்கறாங்களாம்.”

அப்படியானால் அந்த ஒரு நிமிடமும் இல்லை.

பெட்டியின் அருகில் நின்றபடியே, எதற்கோ செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். இப்போதுதான் பலகையின் அடி அவளுக்குச் சரியாகத் தெரிந்தது. தன் பக்கத்து மூலையில் இருந்த கருப்புப் பெட்டியைப் பார்த்தாள். அதன்மேல் ஒரு சந்தனப் பொட்டு. பொட்டின் நடுவில் குங்குமம். பொட்டிலிருந்து ஒரு மஞ்சள் கோடு வழிந்து, பக்கவாட்டில் இருந்த கண்ணாடியை முழுசாக மூடிக் காய்ந்திருந்தது.

காலையில் காவேரி சந்தனக் கிண்ணத்தை அவளிடம்தான் கொடுத்தார். “நீயே வச்சுடும்மா, பொம்பளப் புள்ள கையால.” பன்னீர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் கரைத்திருந்தார். பானுமதி சக்கரங்களுக்கு வைத்தாள், விளக்குகளுக்கு வைத்தாள், கொக்கிக்கு வைத்தாள். கதவு அப்போது சாத்தியிருந்தது, பலகையின் அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. தன் பெயருக்கு மேல் ஒரு பொட்டு வைக்க ஆசையாக இருந்தது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த இரண்டு கருப்புப் பெட்டிகளுக்கும் வைத்தாள். கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தாள். இந்த வண்டியில் அது என்ன, எதற்கு, எதைத் தொடக் கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் அவள். வேறு யார் வைத்திருந்தாலும் தெரியாமல் வைத்தார்கள் என்று சொல்லலாம். கதவு சாய்ந்ததும் ஈரச் சந்தனம் வழிந்திருக்கிறது.

ஒரு ஈரத் துணி. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. அப்போதே குனிந்திருந்தால்.

மேலே, பலகையை இயக்கும் பம்ப் உறுமியது. சிவக்குமார் ஐந்தாவது வண்டிக்காகப் பலகையை இறக்கத் தொடங்கிவிட்டார். குனிந்தவள் அப்படியே பலகைக்கு அடியில் மறுபக்கம் பார்த்தாள்.

ஒரு கை தரையில் இருந்தது.

அது ஐஸ்வர்யாவின் கை. சிவக்குமாரின் மனைவி, பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். பலகையின் அந்தப் பக்க மூலையில் முட்டி போட்டு, இடது கையைப் பலகைக்கு அடியில் மண்ணில் விரித்து வைத்திருந்தாள். வலது கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. போனின் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பானுமதிக்கு உடனே புரிந்தது. காலையில், பூசைக்கு முன்னால், ஐஸ்வர்யா கதவின் மூலையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “வ…ய…ரிங்… பா…னு…மதி. நீங்கதானா? செம!” என்று போட்டோ எடுத்தாள். கண்ணைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். எவ்வளவு பெருமையாக விளக்கினாள் பானுமதி! “பலகை எறங்கும்போது நீங்க கைய வச்சாக்கூட நின்னுடுங்க. பயமே வேணாம்.” ஐஸ்வர்யா அதற்குச் சொன்னாள், “அப்பாடா. எங்க பாப்பாவும் ட்ரிப்புக்கு வருவா. ஆறு வயசு. ஒரு எடத்துல நிக்கமாட்டா.”

“கைய எடுங்க!” என்று கத்தினாள். பம்ப் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பலகை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் இழுக்க எட்டடி சுற்ற வேண்டும். ஐஸ்வர்யாவின் விரல்கள் அசையவில்லை. ஒரு மோதிரம், சிவப்பு நகப் பூச்சு. நம்பிக்கையாக, சும்மா, மண்ணில் கிடந்தது கை.

பெட்டியின் மேல் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. காளான் தலை மாதிரி. அதை அடித்தால் எல்லாம் நின்றுவிடும். எழுந்து, உள்ளங்கையால் அடித்தாள். பெட்டி அதிர்ந்தது.

பம்ப் நின்றது.

குனிந்து பார்த்தாள். கைக்கும் இரும்புக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது.

“வாவ்!” ஐஸ்வர்யா கையை எடுத்துக்கொண்டு துள்ளி எழுந்தாள். “பாத்தீங்களா எல்லாரும்? நின்னுடுச்சு! கைய வச்சேன், நின்னுடுச்சு! பானுமதி அக்கா, சொன்ன மாதிரியே!”

எல்லாரும் கை தட்டினார்கள். வண்டி ஓட்டி வந்தவர்களில் ஒருவர் விசில் அடித்தார். மேலிருந்து சிவக்குமார் எட்டிப் பார்த்து, “என்னடி பண்ண? சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?” என்றார். திட்டினாலும் சிரிப்புதான் தெரிந்தது. மாதப்பன் பானுமதியைப் பார்த்த பார்வையை அவள் நான்கு வருடமாகப் பார்த்ததில்லை. ஒரு முழு வண்டியைத் தனியாக முடித்தவளைப் பார்க்கிற பார்வை. இதற்காகத்தானே எல்லாம் என்று தோன்றியது. தோன்றியதும் அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீரமணி மட்டும் கை தட்டவில்லை. அவன் பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தான். அவள் கை இன்னும் சிவப்புப் பொத்தானின் மேலேயே இருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் வந்து நின்றான்.

“நீ அமுத்துன.”

அவள் பெட்டியின் மூடியைப் பார்த்தாள்.

“கண்ணு வேலை செய்யல. அதான?”

“பைபாஸ் போட்டுட்டேன்ண்ணா. காலைல நின்னுச்சில்ல, அப்ப.”

இனி இவன் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியபடி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். “வுடு. போச்சாது. யாரும் பாக்கல. பொத்தானத் திருப்பி வுட்டுரு, ரெண்டு வண்டிதான் பாக்கி. ஏத்தட்டும். தொப்பூர்ல டீக்கு நிக்கறப்ப நான் பைக்கப் போட்டுப் போயி எதையோ மறந்துட்டோம்னு சொல்லி எடுத்துட்டு வந்துர்றேன். எந்த வயருன்னு மட்டும் சொல்லு.”

நான்கு வருடத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் அன்பான பேச்சு அது. அவன் நாளையிலிருந்து கிண்டல் செய்யமாட்டான் என்றுகூடத் தோன்றியது. இதைச் சேர்ந்து மறைத்துவிட்டால் அவளும் பட்டறை ஆளாகிவிடுவாள். கோணலாகப் போன வெல்டிங் மேல் பெயிண்ட் அடித்து மறைக்கிறவர்கள், ஒருவர் தப்பை ஒருவர் வெளியில் சொல்லாதவர்கள். அவளைச் சேர்த்துக்கொள்ளக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான் வீரமணி.

“ஏம்மா, பலகை வரல?” சிவக்குமார் மேலிருந்து ரிமோட்டை ஆட்டிக் காட்டினார்.

சிவப்புப் பொத்தானை அடித்தால் அது உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால்தான் மேலே வரும். அதுவரை எந்தப் பொத்தானுக்கும் பலகை அசையாது. அவள் விரல்கள் பொத்தானைச் சுற்றிப் பிடித்திருந்தன. கால் சுற்று.

“பானு, மணி பத்து பன்னெண்டு” என்றார் மாதப்பன். அவர் கையில் பூசணிக்காய் இருந்தது. வண்டி கிளம்பும்போது திருஷ்டிக்கு உடைக்க வேண்டியது.

ஐஸ்வர்யா போனை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். “இதத்தான் மொதல்ல போடப்போறேன். குழந்தைங்களோட வர்றவங்க பாக்கட்டும்.” போனில் அவள் கை மண்ணில் கிடந்தது, இரும்பு இறங்கியது, நின்றது. எல்லாரும் மறுபடி “ஓ” என்றார்கள். அதைப் பார்த்து எத்தனை பேர் கையை வைப்பார்கள்? வீரமணி தொப்பூரில் அவர்களைப் பிடிப்பான் என்று என்ன நிச்சயம்? பிடித்தாலும், வயரை மட்டும் எடுத்தால் சந்தனம் அப்படியே இருக்கும். பலகை மறுபடி நிற்கும். வழியில் எவனாவது ஒரு மெக்கானிக் அவளைப் போலவே ஒரு வயரை வைத்துவிட்டுப் போவான். அவன் வைத்தால் யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் அங்கேயே இருக்கும்.

அந்தக் கை இன்னும் அவள் கண்ணில் இருந்தது. பயமில்லாமல் கிடந்த கை.

பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். திருப்பவில்லை.

“அது தானா நிக்கலீங்க” என்றாள். முதல் முறை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது முறை உரக்க வந்துவிட்டது. “பலகை தானா நிக்கல. நான்தான் நிறுத்தினேன்.”

ஐஸ்வர்யாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. “என்ன அக்கா?”

“காலைல பலகை நடுவுல நின்னுச்சில்லீங்க, அப்ப கண்ணு வேலை செய்யல. ஏன்னு பாக்காம பைபாஸ் பண்ணிட்டேன். அதுல இருந்து கண்ணு செத்துதான் கிடக்குது. நீங்க கைய வச்சப்பவும்.”

ஐஸ்வர்யாவின் இடது கை மெல்ல அவள் முதுகுக்குப் பின்னால் போனது. ஒளித்துவைப்பதுபோல. அதைப் பார்க்கத்தான் பானுமதியால் முடியவில்லை.

சிவக்குமார் மேலிருந்து குதித்தார். “நாலு வண்டி ஏத்தியிருக்கோம். நாலு தடவ எறங்கியிருக்கே அது! அஞ்சாவது தடவ இவ கை!” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை.

மாதப்பன் பூசணிக்காயைத் தரையில் வைத்தார். “பெட்டியத் தெற” என்றார். பானு என்று சொல்லவில்லை, அம்மா என்று சொல்லவில்லை.

மூடியைத் திறந்து, வயரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஒரு விரல் நீளம். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மூன்றாவது விளக்கு அணைந்தது.

“சந்தனம் வழிஞ்சு கண்ணாடிய மூடியிருக்குதுங்க” என்றாள்.

“அய்யோ, நாந்தான் பன்னீரக் கொஞ்சம் ஜாஸ்தி…” காவேரி நெஞ்சில் கை வைத்தார்.

“இல்லீங்கக்கா. பொட்டு வச்சது நான். எங்க வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவளும் நான்தான்.”

குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து, துப்பட்டா நுனியை நனைத்து, மண்ணில் முட்டி போட்டாள். காலையில் போட மறுத்த அதே முட்டி. இரண்டு பக்கமும் துடைத்தாள். வலதுபக்கக் கண்ணாடியில் காய்ந்த சந்தனம் நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. மூன்றாவது விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த விளக்கு இவ்வளவு நேரமும்தானே எரிந்துகொண்டிருந்தது.

மணி பத்து முப்பது ஆகிவிட்டது. மாதப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையை இறக்கிக்கொண்டார். இனிப் பன்னிரண்டுக்கு மேல்தான். எலுமிச்சம்பழங்கள் சக்கரங்களுக்கு முன்னால் வெயிலில் கிடந்தன.

“சேலத்துக்காரரக் கூப்புடறேன், சிவா. அவர் வந்து ஒருக்கா முழுசும் பாத்துரட்டும்” என்றார் மாதப்பன். பானுமதி தலையாட்டினாள். அது நியாயம் என்றே இருந்தது. வலித்தது, ஆனால் காலையில் வலித்த இடத்தில் இல்லை.

ஐஸ்வர்யா கணவனின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். தரையிலிருந்த பூசணிக்காயைக் கையில் எடுத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. பானுமதி சிவப்புப் பொத்தானைத் திருப்பினாள். ஐஸ்வர்யா முதலில் பலகையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, காயை அதன் அடியில் உருட்டிவிட்டாள். பிறகு இறக்கினாள்.

பலகை காய்க்கு மேல் நான்கு விரலில் நின்றது. யாரும் கை தட்டவில்லை. மாதப்பன், “அது திருஷ்டிக் காயிம்மா” என்று முணுமுணுத்தார்.

மறுபடி தூக்கினாள். இறக்கினாள். நின்றது. இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் பானுமதி புதிதாக மூச்சைப் பிடித்தாள். தன் வேலையின்மேல் இப்போது அவளுக்கும் மற்றவர்களைவிட அதிக நம்பிக்கை ஒன்றும் இல்லை.

“பூசணிக்காய்க்கு நிக்குது” என்றாள் ஐஸ்வர்யா. முதல் முறையாக நேராக அவளைப் பார்த்தாள். அக்கா என்று சொல்லவில்லை.

பானுமதி மறுபக்கம் போய், ஐஸ்வர்யா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். மண்ணில் அந்த விரல்களின் தடம் இருந்தது. காயை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கையை அங்கே விரித்து வைத்தாள்.

“அம்மணி!” என்றான் வீரமணி.

“வேணாம் ஐசு, குடு இங்க” என்று சிவக்குமார் கை நீட்டினார். ஐஸ்வர்யா கொடுக்கவில்லை.

பம்ப் உறுமியது. கதவின் வெளிப்பக்கம் இப்போது அடிப்பக்கமாக இருந்தது. மூலையில் மஞ்சள் எழுத்துகள் தலைகீழாக அவள் கையை நோக்கி இறங்கி வந்தன. வயரிங் என்பதைப் படிக்க முடிந்தது. பிறகு பெயரை. பிறகு நிழல் விழுந்து எதையும் படிக்க முடியவில்லை. கையை இழுத்துக்கொள்ளச் சொல்லி உடம்பு முழுக்கக் கேட்டது. இழுக்கவில்லை.

பலகை நின்றது. மயிர்க்கால்களில் இரும்பின் சூடு தெரிந்தது.

கையை எடுக்கப் போனாள்.

“இருங்க” என்றாள் ஐஸ்வர்யா. ரிமோட்டைக் கணவனிடம் கொடுத்தாள். போனைத் திறந்து, தன் கையை வைத்து எடுத்த வீடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அழித்துவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, படமெடுக்க, போனைப் பானுமதியின் கைக்கு நேராகப் பிடித்தாள்.

“தூக்கிட்டு மறுபடி எறக்குங்க” என்றாள் கணவனிடம். “முதல்ல இருந்து.”